புயல்மாறனின் ஆறாவது விரல்

புயல்மாறன் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து விழத் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை. என்னோடு சேர்ந்து நரைத்துக்கொண்டிருக்கும் நீங்கள் யாராவது அவன் வந்து சேர்ந்த புத்தகத்தைப் படித்திருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிழைத்தானா செத்தானா என்பதெல்லாம் வேண்டாம். எத்தனையாவது பக்கத்தில் தரை வந்தது, அது போதும்.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மாதம் ஒன்றாக வந்த படக்கதை அது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய புத்தகம், தொட்டால் விரலில் மை ஒட்டும் மட்டமான தாள். முகமூடி போட்டிருப்பான், மார்பில் சுழி மாதிரி ஓர் அடையாளம், தோளிலிருந்து பின்னால் பறக்கும் ஒரு துணி. அந்தத் துணிக்கு எங்கள் வீட்டில் துண்டு என்று பெயர். அப்பா தோளில் கிடப்பதும் துண்டு, புயல்மாறன் தோளில் பறப்பதும் துண்டு.

முதல் பத்துப் பன்னிரண்டு புத்தகம் ஓட்டமான ஓட்டம். அண்ணன் அதை வாங்கின இடத்திலேயே, சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, நின்றபடி படித்து முடிப்பான். விழிதியூரில் எங்கள் வீடு வந்து சேரும்போது கதை முழுக்க அவன் வாயில் இருக்கும். பிறகு படம் போடுகிறவர் மாறிவிட்டார். கதையும் சோம்பிப் போயிற்று. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சணல் கயிற்றில் புத்தகங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் கடைக்காரர்தான் அதை முதலில் சொன்னார்.

"புது ஆளுக்குக் கை வரைய வரல தம்பி. அதான் எல்லாரும் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டே நிக்கிறானுவோ. காலும் வராது போல. எங்க பாரு, முழங்காலுக்குக் கீழ ஒரே புகை."

அண்ணனுக்குக் கோபம். தனக்குப் பிடித்தவனை யாராவது குறை சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். அப்போது அவனுக்குப் பதினாலு, எனக்குப் பதினொன்று.

அந்த மார்கழியில் வந்த புத்தகத்தின் கடைசிக் கட்டத்தில், கண்ணாடித்தலையன் என்கிற வில்லன் புயல்மாறனைக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். கீழே 'தொடரும்'. அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போது விழுவான், குளிக்கும்போது விழுவான், குளத்துப் படியிலிருந்து கையை விரித்துக்கொண்டு விழுவான். "கடைசி நொடியில துண்டு எதுலயாவது மாட்டும்டி, பாரேன்," என்பான். அடுத்த புத்தகம் வர வேண்டுமே. மற்ற ஊருக்கெல்லாம் போய், மிச்சம்தான் எங்களுக்கு வரும். "கடைமடைக்குத் தண்ணியே கடைசியாத்தான் வருது, புத்தகம் மட்டும் மொதல்ல வந்துருமா?" என்பார் கடைக்காரர்.

இந்தத் தவிப்புக்கு நடுவில்தான் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம்.

காலையில் கொல்லையில் சுட்ட கிளிஞ்சலைப் பழைய பானையில் கொட்டி அம்மா தண்ணீர் ஊற்றினாள். பார்த்தவர்களுக்குத் தெரியும், அடுப்பே இல்லாமல் குமுறும். உஸ்ஸென்று ஆவி, வெடிக்கிற சத்தம், மூக்கை அரிக்கும் ஒரு வாடை. அண்ணன் ஒரு டப்பாவில் தண்ணீரோடு முட்டையைப் போட்டு அந்தக் கொதிப்பின் மேலேயே வைத்தான். வெந்துவிட்டது. உரித்து எனக்குப் பாதி கொடுத்தான். அம்மா பக்கத்தில் நின்று, "அட, நெசமாவே வெந்துருச்சே," என்று அதிசயப்பட்டாள். இந்த முட்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் ஆறிய சுண்ணாம்பைக் கரைத்து, நீலம் கலந்து, டின்னில் எடுத்துக்கொண்டு அண்ணன் மூங்கில் ஏணியில் ஏறினான். டின் ஏணியின் மேல் படியில் கம்பிக் கொக்கியில் தொங்கியது. கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், காலையும் கடைசிப் படியில் வைத்து அழுத்தியிருந்தேன். ஓட்டுக்குக் கீழே மூலையில் ஒரு முழம் எட்டவில்லை. இறங்கி ஏணியை நகர்த்திப் போடச் சொன்னேன். அவனுக்கு எங்கே பொறுமை. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு எட்டினான். டின் கவிழ்ந்தது. முகத்தில் வெள்ளை.

"அம்மா, ஏணி ஆடிச்சு," என்று கத்திக்கொண்டே இறங்கினான், விழுந்தான், இரண்டும்தான்.

நான் தண்ணீருக்கு ஓடினேன். எதையும் தெரிந்துகொண்டு ஓடவில்லை, முகத்தில் அழுக்குப் பட்டால் தண்ணீர் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. சொம்பு நிறைய மொண்டு வந்து அவன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். சொம்பு உருண்டு முருங்கை மரம் வரைக்கும் போயிற்று.

"சுண்ணாம்புல தண்ணிய ஊத்துறியே, கண்ணு வெந்துரும்டி."

காலையில்தானே முட்டை வெந்ததைப் பார்த்திருந்தாள். விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கொண்டு வந்து இரண்டு கண்ணிலும் ஊற்றி, முந்தானையால் கட்டி, பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளில் உட்கார வைத்து, நெடுங்காடு ரோட்டில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நானும் கூடவே ஓடினேன். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கண் டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான். "ஏம்மா, பட்ட உடனே தண்ணி ஊத்திக் கழுவுனீங்களா?"

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கேட்ட மாதிரியிலேயே எது சரியான பதில் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. "கழுவுனோங்க," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே அண்ணன் அலறிக்கொண்டிருந்தான், அவன் காதில் இது எதுவும் விழுந்திருக்காது.

இரண்டு கண்ணுக்கும் கட்டு. மூன்று வாரம் என்றார்கள், அது ஐந்தாயிற்று, ஆறாயிற்று. பார்வை வருமா என்று கேட்டால், "பிரிச்சாத்தான் தெரியும்" என்பார் டாக்டர். அதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு ஒன்றும் வாங்க முடியவில்லை.

வீட்டில் மட்டும் ஒன்று முடிவாகிவிட்டது. ஏணியை நான் ஆட்டினேன். அண்ணனே கத்தினானே, ஏணி ஆடியது என்று. நான் ஆட்டவில்லை, அவன்தான் எட்டினான் என்று எத்தனை தடவை சொன்னேனோ. அப்பா வயலிலிருந்து வந்து துண்டை உதறிக்கொண்டே, "ஒரு ஏணியப் புடிக்க முடியல உனக்கு," என்றார், அவ்வளவுதான். அதற்கு மேல் ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். களத்துக்குக் காப்பித்தண்ணி கொண்டு போனால், கதிர் அடிக்கிற பெண்களில் ஒருத்தி, "இதானா ஏணிய ஆட்டுன பொண்ணு? பாத்தா பூனை கணக்கா இருக்கு," என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட மனசோடு சொன்னதில்லை. ஆனாலும் அந்தத் தையில் எனக்கு அதுதான் பெயர்.

அண்ணன் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். கிடந்தான் என்றா சொன்னேன், ஒரு நொடி கிடக்கவில்லை. காலை ஆட்டுவான், சுவரை விரலால் தட்டுவான், கட்டிலின் கயிற்றைப் பிரிப்பான். நாள் முழுக்க ஒவ்வொரு புரியாகப் பிடுங்கிப் பிடுங்கி, தை முடிவதற்குள் இடுப்புக்குக் கீழே கட்டில் தொட்டிலாகத் தொய்ந்துவிட்டது. அவன் கேட்டது ஒன்றுதான். "புஸ்தகம் வந்துச்சா?"

அப்பாவோடு பஸ்ஸில் போய் நான்தான் வாங்கி வந்தேன். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும்போதே முகத்தைச் சுளித்தார். "அண்ணன் எங்க பாப்பா? இத அவன் படிக்காம இருந்தா நல்லதுதான்."

கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து திறந்தேன். முதல் கட்டத்தில் புயல்மாறன் விழுகிறான்.

"சொல்லுடி."

"விழுறான்."

"அது தெரியும். அப்புறம்?"

"அடுத்த கட்டத்துலயும் விழுறான். 'நான் விழுகிறேன்'னு நெனைக்கிறான்."

"துண்டு எதுலயாச்சும் மாட்டுச்சா?"

"இல்ல. சின்ன வயசுல அவங்க அப்பா சொன்னத நெனைச்சுப் பாக்குறான். அது ஆறு பக்கம் போவுது. அப்புறம் மறுபடியும் விழுறான்."

"கைய எப்படி வச்சிருக்கான்? பறக்குற மாதிரியா?"

நான் படத்தைப் பார்த்தேன். பொய் சொல்ல அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. "பின்னால கட்டியிருக்கான்."

"விழும்போதா?"

"ஆமாண்ணே."

கொஞ்ச நேரம் கயிற்றைப் பிடுங்கினான். "கடைசிப் பக்கம் சொல்லு."

"விழுறான். தொடரும்."

"போடி பொய்க்காரி," என்றான்.

அதோடு விட்டானா? மறுநாள் தேங்காய் பறிக்க ஆள் வந்தார். அண்ணன் என்னைக் கொல்லைக்கு விரட்டினான். காய் குலையிலிருந்து கழன்று தரையில் விழுவதற்குள் எவ்வளவு எண்ண முடிகிறது, எண்ணிக்கொண்டு வா. மரத்தடியில் நின்று அண்ணாந்துகொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, தொப். ஏழு காய்க்கும் அதே கணக்கு. மரம் ஏறினவர் மேலேயிருந்து, "பாப்பா, தலையில வாங்கிக்கிட்டாத்தான் கணக்கு முடியும், தள்ளி நில்லு," என்றார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கலங்கரை வெளக்கம் மூணு தென்ன மரம் ஒசரம்னே வையி. அஞ்சு எண்ணுறதுக்குள்ள கீழ வந்துரணும்," என்றான் அண்ணன். "நீ ஒரு புஸ்தகம் பூரா விழுறாங்குற. யாருகிட்ட கதை விடுற? என்னை இப்படி ஆக்கிட்டு, படிச்சுக் காட்டுறதுலயும் ஏமாத்துற."

நான் சொன்னது ஒவ்வொன்றும் அந்தத் தாளில் இருந்தது. அதைப் பார்க்க வேண்டிய ஒரே ஆளின் கண் கட்டியிருந்தது.

தருமபுரத்திலிருந்து மாமா மகன் வந்தான், அண்ணனைப் பார்க்க. டவுன் பையன், பாக்கெட்டில் சீப்பு. அண்ணன் புத்தகத்தை அவனிடம் கொடுக்கச் சொன்னான். "மாப்ள, நீ படி. இவ புளுகுறா."

மாமா மகன் இரண்டு பக்கம் புரட்டினான், கொட்டாவி விட்டான், புத்தகத்தை மூடித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான். புயல்மாறனின் துண்டு கப்பல் பாய்மரத்தில் மாட்டுகிறது. அதைப் பிடித்து ஊஞ்சலாடிக் கண்ணாடித்தலையன் மேல் பாய்கிறான். தலை உடைகிறது. உடைந்த கண்ணாடித் தலைக்குள்ளே இன்னொரு தலை, சின்னது, தென்னங்குரும்பை அளவு. அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். வாய் திறந்திருந்தது. "நெசமாவா மாப்ள?" என்று நாலு தடவை கேட்டிருப்பான். எனக்கே அடுத்து என்ன என்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அதுல அப்படி ஒண்ணுமே இல்ல," என்றேன்.

மாமா மகன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அண்ணன் தலையணையை எடுத்து என் குரல் வந்த பக்கம் எறிந்தான். சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை, முதுகில் ஒன்று வைத்தாள். "கண்ணு தெரியாத புள்ளகிட்ட வெளாடுறியாடி நீ?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. அண்ணன் மெதுவாகப் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். களத்தில் கதிர் அடிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து நான் எண்ண ஆரம்பித்தேன். மாசிப் புத்தகம் வந்ததும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு கணக்கெடுத்தேன். எத்தனை கட்டம், எத்தனை கட்டத்தில் விழுகிறான், துண்டு எந்தத் தோளில், மீசை இருக்கிறதா இல்லையா. இந்தப் புத்தகத்திலும் தரை வரவில்லை. அண்ணன் கேட்காவிட்டாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். "ஒம்பதாம் பக்கம், மொத கட்டம். துண்டு வலது தோள்ல. ரெண்டாவது கட்டம், இடது தோள்ல. பதினோராம் பக்கம் மீசை இல்ல. பதினாலாம் பக்கத்துல ஒரே ஒரு கை தெரியுது, வெரல விரிச்சு வச்சிருக்கான், ஆறு வெரல்."

"ஆறா?"

"கட்ட வெரலோட சேத்து ஆறு."

"போடி," என்றான். ஆனால் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்த விரல் நின்றது.

மாசி நடுவில் கட்டைப் பிரித்தார்கள். வலது கண் தப்பித்தது. இடது கண்ணில் வெள்ளையாக ஒன்று படர்ந்திருந்தது, பால் சொட்டு மாதிரி. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டுத் தமக்குத்தாமே சொல்கிற மாதிரி, "பட்ட உடனே நெறையத் தண்ணி ஊத்தியிருந்தா இதையும் காப்பாத்தியிருக்கலாம். கழுவுனது பத்தல போலருக்கு," என்றார். இந்தத் தடவை அண்ணன் அலறிக்கொண்டு இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைப் பார்த்தான். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு பார்க்கிறான். "அந்த ரெண்டு புஸ்தகத்தையும் எடு."

வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை வலது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பக்கம் பக்கமாகப் போனான். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதற்காகப் பிடித்துக்கொண்டேன் என்று தெரியவில்லை, எல்லாம் அப்படியே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் புத்தகத்தில் பாய்மரத்தைத் தேடினான், குரும்பைத் தலையைத் தேடினான். கடைசிப் பக்கம் வரைக்கும் போய், மறுபடி முதலிலிருந்து வந்தான். இரண்டாவதில் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தான். வலது தோள், இடது தோள். பதினாலாம் பக்கத்தில் நகத்தை வைத்து ஒவ்வொரு விரலாக எண்ணினான். ஆறில் நகம் நின்றது.

"மாப்ள நல்லாத்தான் சொன்னான்," என்றான். பிறகு, "நீ சொன்னதுதான் இருக்கு."

மத்தியானச் சாப்பாட்டுக்கு நாலு பேரும் உட்கார்ந்தோம். இல்லை, மூன்று பேர் உட்கார்ந்தோம், அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். "அப்பா, ஏணிய இவ ஆட்டல. நான்தான் எட்டுனேன். ஆடுன மாதிரி இருந்துச்சு, கத்திட்டேன். இவ பொய் சொல்ற ஆளு இல்ல."

அப்பாவின் கை இலையில் நின்றது. என் பக்கம் திரும்பினார், ஏதோ சொல்ல வந்தார், "மோர் மொளகா எடுத்துக்க," என்றார். அதுவே எனக்கு ஏழு ஊர் எழுதி வைத்த மாதிரி இருந்தது. ஏணி ஆட்டியவள் என்ற பெயர் அந்த ஒரு வாய்ச் சோற்றோடு போயிற்று. முதுகு தன்னால் நிமிர்ந்தது.

அண்ணன் இன்னும் முடிக்கவில்லை.

"அன்னிக்கு எனக்கு எரிச்சல்ல ஒண்ணும் தெரியல," என்றான் என்னிடம். "எண்ணெ ஊத்துனது மட்டும் நெனவு இருக்கு. டாக்டர் தண்ணிங்கிறாரு. நீ சொல்லு. மொதல்ல தண்ணி ஊத்துனாங்களா?"

அம்மா ரசக் கரண்டியோடு எனக்கு எதிரில் நின்றாள். கரண்டியிலிருந்து ரசம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது, அவள் பார்க்கவில்லை. என்னிடம் எதையும் கேட்கவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை. அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது இருக்கும். என் மகளுக்கு இப்போது அதைவிடக் கூட. ஆனால் இதையெல்லாம் அந்தப் பதினோரு வயசில் நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு முருங்கை மரத்தடிக்கு உருண்டு போன சொம்புதான் கண்ணில் தெரிந்தது. அவள் தட்டிவிட்ட என் மணிக்கட்டு தெரிந்தது.

"ஊத்துனாங்கண்ணே," என்றேன்.

"எவ்வளவு?"

"ரெண்டு சொம்பு. ரெண்டாவது சொம்பு பாதி கீழ போயிருச்சு."

அண்ணன் என் முகத்தை அந்த ஒரு கண்ணால் பார்த்தான். தலையை ஆட்டினான். "அப்ப சரி," என்று சோற்றைப் பிசைந்தான்.

அம்மா ரசத்தை ஊற்றினாள், முதலில் அவனுக்கு, பிறகு எனக்கு. அதைப் பற்றி அவள் கண்ணை மூடுகிற வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த மாதம் புத்தகம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. "நின்னுபோச்சு தம்பி, விக்கல," என்றார் கடைக்காரர். அந்த இரண்டு புத்தகமும் ஏதோ ஒரு மழையில் ஊறி அடுப்புக்குப் போயின. அண்ணன் வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான், பேரன் எடுத்துவிட்டான். இடது பக்கம் யாராவது நின்றால் உடம்போடு சேர்த்துத் திரும்புவான். பொங்கலுக்கு வரும்போது பேச்சு எப்படியோ அந்த ஏணிக்கு வந்துவிடும், யாராவது, "ஒடனே கழுவியிருந்தா" என்று ஆரம்பிப்பார்கள்.

"கழுவுனாங்க," என்பான் அண்ணன். "ரெண்டு சொம்பு. இவ பாத்துருக்கா." என் பக்கம் திரும்பி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆறு விரலையும் எண்ணிச் சொன்னவள் இல்லையா நான்.